நூற்று நாற்பத்தேழாம் தாள்

கேத்தலின் அடியில் படியும் சுண்ணாம்பைக் கரைக்க இங்கே வினாகிரிச் சாரம் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். போன கிழமை நானும் ஊற்றினேன். ஆவி எழும்பி மூக்கில் ஏறியதும் குசினி இல்லாமல் போயிற்று. நான் நிலவறையில் நின்றேன். ஈரத் தரை, மஞ்சள் கையுறை, இயந்திரத்தின் வாயிலிருந்து கறுப்பு நாக்குப்போல மெல்ல வெளியே வரும் படச்சுருள், அதைக் கழுவிய மருந்தின் அதே புளிப்பு. கேத்தல் தானாக அணைந்து 'டக்' என்றது. நான் அணையவில்லை.

இரண்டு மாதமாக ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். நகர ஆவணக்காப்பகத்தில் பழைய ஏடுகளைக் கணினியில் படியெடுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு, ஒரு மத்தியானம் வந்து, கணினிக்கு முந்திய காலத்தில் இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முள்ளந்தண்டு பழுதாகி ஐம்பத்தாறு வயதிலேயே ஓய்வூதியத்தில் வீட்டில் இருக்கிறவன் நான், நேரத்துக்குக் குறைவில்லை. போவேன். விளக்கு, கண்ணாடி, மிதிகட்டை எல்லாம் சொல்வேன். நூற்று நாற்பத்தேழாம் தாளைப் பற்றி அங்கே சொல்லமாட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

எண்பத்தாறில் ஜேர்மனிக்கு வந்தேன். ஒரு வருடம் அகதி முகாம், மூன்று வருடம் உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு நுண்படக் கம்பனி. நுண்படம் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. புத்தகங்களை, பதிவேடுகளை, கட்டட வரைபடங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, விரல் நகத்தளவாக்கிச் சுருளில் அடைத்துவிடுவது. தாள் உக்கினாலும் சுருள் ஐந்நூறு வருடம் இருக்கும் என்பார்கள். ஐந்நூறு வருடம் என்ற சொல்லை நான் அந்தக் காலத்தில் ஆசையோடு சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வதிவிடக் கடதாசியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற டுல்டுங். 'பொறுத்துக்கொள்ளுதல்' என்று அதற்குக் கருத்து. அந்த நாடு என்னை மூன்று மாதம் மூன்று மாதமாகப் பொறுத்துக்கொண்டது.

என் மேலாளர் ஹெர் ஓஸ்டர். 'ஹெர்' என்றால் 'திரு'. சாம்பல் மேலங்கி, நெஞ்சுப் பையில் மூன்று பென்சில். மூன்றும் ஒரே நீளம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கட்டளை இட்டும் கேட்டதில்லை. "இந்த விளக்கு இங்கே இருக்கத்தான் வேண்டுமா?" என்பார், நாங்கள் நகர்த்துவோம். ஏன் நகர்த்தினாய் என்று பிறகு யாராவது கேட்டால், நகர்த்தியவர்கள் நாங்கள்.

முதல் மாதமே அவரிடம் பிடிபட்டேன். ஒரு தேவாலயப் பதிவேட்டில் நடுவில் ஒரு தாள் கிழிபட்டுக் காணாமல் போயிருந்தது. நான் கவனித்தும் கவனிக்காததுபோல் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஓஸ்டர் ஒளிமேசையில் சுருளை விரித்துப் பார்த்தார். பென்சிலால் இரண்டு தட்டு. முழுச் சுருளையும் முதலில் இருந்து எடுக்க வைத்தார். காணாமல் போன தாளின் இடத்தில், 'இவ்விடத்தில் தாள் இல்லை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை வைத்து, அதையும் ஒரு படமாக எடுக்க வேண்டும். அப்படி எங்களிடம் ஒரு பெட்டி நிறைய அட்டைகள் இருந்தன: ஆரம்பம், முடிவு, மூலம் பழுதடைந்தது, எழுத்து அழிந்தது. அவர் அன்றைக்குச் சொன்னது: "தாள் இல்லாமல் இருக்கலாம். இல்லை என்பது இல்லாமல் இருக்கக் கூடாது." எழுதிவைக்க வேண்டிய வசனம் என்று நினைத்தேன். எழுதியும் வைத்தேன், பாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் குஜராத்திச் சங்கக்காரர் வந்தார்கள். ரைன் நதிக்கரை நகரங்களில் சிதறிக் கிடந்த குடும்பங்கள். எல்லோருக்கும் சௌராஷ்டிரத்தில் ஒரே பூர்வீக ஊர், ஒரே சாதி. பாதிப் பேர் அங்கிருந்து உகண்டா போய்க் கடை வைத்து, எழுபத்திரண்டில் அங்கிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தவர்கள். தலைவர் ரமணிக்பாய், மருந்துக்கடைக்காரர். தங்கக் கரை போட்ட மூக்குக் கண்ணாடி, எவருக்கும் கதவைத் திறந்து பிடிக்கும் நல்ல மனிதர். அவர்களோடு ஊரிலிருந்து வரவழைத்த பாரோட்.

பாரோட் என்பது பெயரல்ல, தொழில். தலைமுறை தலைமுறையாக ஊர்க்குடும்பங்களின் வம்ச ஏட்டைக் காப்பவர். சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், பிறந்தவர்களை எழுதி, முன்னோரை உரத்து வாசித்துக் காட்டுவார். கையில் சிவப்புத் துணியில் சுற்றிய நீளமான ஏடு. மேல்விளிம்பில் தைத்தது, கீழிருந்து மேலே புரட்ட வேண்டும். அந்த ஏட்டைப் படம் பிடித்து, அதிலிருந்து 'எங்கள் ஊர் எங்கள் மரபு' என்று ஒரு பெரிய புத்தகம் அச்சடிப்பது சங்கத்தின் திட்டம். இனிமேல் ஆண்டுதோறும் புரட்டாதியில், எங்களுக்கு மாளயபட்சம் போல அவர்களுக்கும் வரும் பிதிர் நாட்களில், மண்டபத்தில் அந்தப் புத்தகத்தை விரித்து முன்னோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். புத்தகத்தில் உள்ள பெயர்களை மட்டும்.

எங்கள் ஒளிப்பதிவறையில் பாரோட் செருப்பைக் கழற்றினார். ஏட்டின் முதல் தாளில் குங்குமம் வைத்தார். பிறகு அண்ணாந்து, தூணில் தொங்கிய கமெராவைப் பார்த்து, அதற்கும் வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் ஓஸ்டரைப் பார்த்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வில்லையில் படாதுதானே?"

தூணில் வைத்தோம்.

ஏட்டை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. எனவே பாரோட் புரட்ட, நான் கண்ணாடியை இறக்கி அழுத்த, நான்கு விளக்கும் நாற்பத்தைந்து பாகையில் எரிய, மிதிகட்டையை மிதிப்பேன். கமெராவின் மூடி 'களுக்' என்று விழுங்கும். தாள் எண்களைச் சரிபார்க்கக் குஜராத்தி இலக்கங்களை இரண்டு நாளில் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே வெற்றிடம் விட்டிருந்தார்கள். சில தாள்கள் முழு வெறுமை.

ஓஸ்டர் ரமணிக்பாயிடம் கேட்டார்: "வெறுந்தாள்களையும் எடுக்கத்தான் வேண்டுமா?"

ரமணிக்பாய் மொழிபெயர்த்தார். பாரோட் சிரித்தார், பாக்குக் கறை பிடித்த பற்கள். "வெறுந்தாள் எங்கே இருக்கிறது? அது இனிப் பிறக்கப்போகிறவர்களின் இடம்." எடுத்தோம்.

பாரோட் தன் ஏட்டுக்குரிய வீடுகளில் சமைத்ததை மட்டுமே சாப்பிடுவார். அதனால் தினமும் பன்னிரண்டரைக்கு ஒரு பெண் அடுக்குப் பாத்திரத்தோடு பேருந்தில் வந்து இறங்குவார். ஹன்சாபென். ஐம்பதை நெருங்கும் வயது, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, சுருண்ட தலைமயிரை இழுத்துக் கட்டிய கொண்டை. சலவைத்தூளில் வெடித்த கைகள். நாலாம் நாள் நான் கேட்டேன், உங்கள் சமையல் வாசம் எங்களையெல்லாம் வேலை செய்ய விடுகுதில்லை என்று. நாங்கள் பேசியது வேலைத்தலங்களில் பொறுக்கிய டொச், அதாவது ஜேர்மன் மொழி. அதை என் வாய்த்தமிழில்தான் எழுதத் தெரியும்.

"என்ர சமையல் இல்லை, பாய். சமைக்கிறது ரமணிக்பாய் வீட்டில. நான் கொண்டு வாறது மட்டும்தான்."

'பாய்' என்றால் அவர்களுக்குச் சகோதரன், 'பென்' என்றால் சகோதரி. அவர் அதைச் சொன்னவிதத்தில் முறைப்பாடு இல்லை. ஆனால் நான் யாழ்ப்பாணத்தான். சமைக்கக்கூடாது, சுமக்கலாம் என்றால் என்னவென்று எனக்கு அகராதி பார்க்கத் தேவையில்லை.

பிறகு அவரே சொன்னார். தகப்பன் உகண்டாவில் ஒரு ஏரிக்கரைச் சிறுபட்டினத்தில் துணிக்கடை. தாய் அந்த ஏரிக்கரைப் பெண். ஹன்சாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, தகப்பன் மனைவியையும் மகளையும் கப்பலில் ஊருக்குக் கூட்டிப்போனார். பாரோட் வந்தார். அப்போது அவர் இளம் ஆள். மனைவியின் தந்தை ஊர் எது என்று கேட்டுத்தான் எழுதுவார்கள். தகப்பன் ஏரிக்கரைக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். பாரோட் கேட்டபடியே எழுதினார். எழுபத்திரண்டில் எல்லா இந்தியரும் வெளியேற வேண்டும் என்றபோது, விமான நிலையம் போகும் வழியில் சிப்பாய்கள் தகப்பனைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள். பேருந்து காத்து நிற்கவில்லை.

"உடல் இல்லை. கிரியை இல்லை. ஒருத்தரும் அவற்ற பேரை ஒருக்காலும் உரத்துச் சொல்லேல்லை. படத்தில வந்தாப் புத்தகத்தில வரும். புத்தகத்தில வந்தா புரட்டாதியில வாசிப்பினம். ஒருக்கா வாசிச்சாப் போதும், பாய்."

அந்தத் தாள் அடுத்த நாள் வந்தது. நூற்று நாற்பத்தேழு. பாரோட் புரட்டி, கண்ணை இடுக்கி, நின்று, ஹன்சாபென்னைக் கையால் அழைத்தார். தாளில் விரல் வைத்து வாசித்தார். எனக்கு விளங்கியது ஒரு பெயரும், குஜராத்தியில் ஒட்டாத ஒரு ஊரின் பெயரும்தான். ரமணிக்பாய் மூலையில் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மிதித்தேன். களுக். பாரோட் புரட்டினார். மறுபக்கம். களுக்.

"எடுத்திட்டீங்களோ?"

"ஓம். இனி ஐந்நூறு வருசம் இருக்கும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சுருளைக் கழுவி முடித்தோம். பாரோட், சங்கத்துக் குடும்பங்களில் புதிதாகப் பிறந்தவர்களை எழுத இன்னும் ஒரு மாதம் ஜேர்மனியில் தங்குவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை ரமணிக்பாய் வந்து, ஓஸ்டரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் இருந்தார். வெளியே வந்து, நடைபாதையில் என் தோளில் கை வைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"ஹன்சாபென் குடும்பம் நல்ல ஆட்கள், அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது மரபுப் புத்தகம். எங்கள் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். மருமக்கள் எடுக்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஆபிரிக்க ஊர் ஒன்று அதற்குள் இருந்தால் என்ன நினைப்பார்கள்? ஜேர்மன்காரருக்கு இது விளங்காது. உங்களுக்கு விளங்கும்தானே?"

விளங்கியது. அதுதான் கேவலம். என் ஊர்ச் சங்கமும் அந்த வருடம் ஒரு மலர் போட்டது. பள்ளிக்கூடம், கோயில், தேர், படித்துப் பெரியாளானவர்களின் படங்கள். ஊரின் மேற்குப்புறத்தில் இருந்த இருபது வீடுகளில் ஒரு தலைகூட அதில் இல்லை. அந்த மலரை நான் வாங்கி, அலுமாரியில் வைத்து, வந்தவர்களுக்குக் காட்டியும் இருந்தேன்.

ஓஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் சுருள் இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல்.

"இந்த இரண்டு படமும் இதற்குள் இருக்கத்தான் வேண்டுமா?"

"ஏடு அப்படித்தான் இருக்கிறது, ஹெர் ஓஸ்டர்."

"ஏடு யாருடையது?"

"அவர்களுடையது."

"ஆகவே?"

"அப்படியென்றால் அந்த இடத்தில் அட்டையாவது வைப்போம். 'இவ்விடத்தில் தாள் இல்லை.' தனியாக எடுத்து ஒட்டலாம். நீங்கள்தானே…"

அவர் ஒரு பென்சிலை எடுத்து மற்ற இரண்டோடும் சேர்த்து நீளம் பார்த்தார். "வாடிக்கையாளரின் கருத்துப்படி அங்கே எதுவும் குறையவில்லை. குறையாத இடத்தில் அட்டை எதற்கு?" எழுந்தார். "நான் கோப்பி குடித்துவிட்டு வருகிறேன்."

அந்த மாதம் என் டுல்டுங் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் காட்டவேண்டிய வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பவர் அவர். அதை அவர் சொல்லவில்லை. அவர் முகத்தில்கூட அது இல்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். எவரும் மிரட்டாமலே மிரண்ட ஒருவனைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சுருளை ஒளிமேசையில் விரித்தேன். உருப்பெருக்கியை வைத்துத் தேடினேன். எதிர்ப்படம்: கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. இரண்டு படம், இரண்டு விரல் அகலம்தான். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. முனைகளை ஒட்டும் இயந்திரத்தில் வைத்து அழுத்தினேன். 'ங்' என்று கொசுப்போல ஒரு சத்தம், ஒட்டிவிட்டது. வெட்டிய துண்டைக் கழிவுப்பட வாளியில் போட்டேன். அந்த வாளி மாதக் கடைசியில் இன்னொரு ஆலைக்குப் போகும். அங்கே படத்தைக் கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். பிறக்காதவர்களின் வெறுந்தாள்கள் அத்தனையும் சுருளில் பத்திரமாக இருந்தன. செத்த ஒரு மனிதனுக்குத்தான் இடம் காணாமல் போயிற்று.

சுருளின் தரம் பார்ப்பவர் ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரி. பகிடி, கேலி இல்லாமல் வாய் திறக்கமாட்டார். பின்னேரம் என்னை நிலவறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். நூற்று நாற்பத்தாறுக்குப் பிறகு நூற்று நாற்பத்தெட்டு. நடுவில ஒரு ஒட்டு. ஆரைத் தூக்கினனீர்?"

"கிழிஞ்சு போச்சு, அக்கா."

"கிழிஞ்சதோ? கத்தரிக்கோலால வெட்டின மாதிரி நேராக் கிழிஞ்சிருக்கு. நல்ல சீலைத் துணி வெட்ட விடலாம் உம்மை."

"அக்கா, ஓஸ்டர்…"

"ஓஸ்டர் வெட்டினவரோ?"

நான் ஒட்டின் மேல் விரலை வைத்துத் தடவினேன்.

"இலக்கமும் வாசிக்கப் பழகி வைச்சிருக்கிறீர். நானும் உம்மட்ட இருந்துதான் பழகினனான். பழகாமல் விட்டிருக்கலாம்." சுருளின் தரப் பத்திரத்தை இழுத்து, 'ஒட்டு: ஒன்று' என்றும், காரணம் என்ற இடத்தில் 'இயந்திரக் கிழிசல்' என்றும் எழுதினார். கையெழுத்து வைத்தார். "எனக்கும் மூண்டு பிள்ளையள். போம்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பகிடி விட்டதில்லை. அடுத்த வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துப் போய்விட்டார். என் வேலைக் கடிதத்தில் ஓஸ்டர் வழமைபோலக் கையெழுத்து வைத்தார், ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல்.

அந்த ஒரு மாதமும் பாரோட் இங்கேதான் இருந்தார். ஏடும் அவர் கைப்பையில் இருந்தது. ஹன்சாபென் இரண்டு முறை எங்கள் வாசலுக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார். நானும் அசைத்தேன். பாரோட் ஊர் திரும்பினார். அந்த மாரியிலேயே இறந்துபோனார். மகன்கள் நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள், வீடு விற்பட்டது, ஏடுகளில் எது யாரிடம் போனது, எது எடைக்குப் போனது என்று எவருக்கும் தெரியாது. இனி அந்த ஊரின் வம்சம் என்பது எங்கள் சுருள்தான். சுருள் என்பது என் கத்தரிக்கோல் விட்டுவைத்தது.

அடுத்த வருடப் புரட்டாதி முடிந்து ஒரு கிழமை. மத்தியானம் மூன்று மணியிருக்கும். வரவேற்பறையில் ஒரு பெண் உங்களைக் கேட்கிறார் என்றார்கள். ஹன்சாபென் மழைச்சட்டையைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். மடியில் சங்கத்தின் புத்தகம், தடித்த அட்டை, தங்க எழுத்து. நடுவில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்திருந்தார்.

"மூண்டு மணித்தியாலம் வாசிச்சவை, பாய். நான் முன் வரிசையில இருந்தனான். அப்பாவுக்கு முந்தின பேர் வந்தது. எழும்பி நிண்டன். பிறகு அடுத்த வீட்டுப் பேர் வந்தது. நான் நிண்டபடியே நிண்டன். பின்னால இருந்த ஒரு பொம்பிளை, இருங்கோ மறைக்குது எண்டா."

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரமணிக்பாயிட்டக் கேட்டன். படத்தில வரேல்லை எண்டுறார். நான் பக்கத்தில நிண்டனான் எண்டு சொன்னன். படம் பிடிச்ச இடத்தில போய்க் கேளுங்கோ எண்டுறார். பாரோட்டும் இல்லை, ஏடும் இல்லை. உங்களிட்ட மட்டும்தான் கேக்கலாம். அண்டைக்கு எடுத்தனீங்கள்தானே?"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓஸ்டர் ஒரு வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையாவது ஒரு சாட்டாக இங்கே எழுதியிருப்பேன். அவர் பார்க்கவில்லை. ஹன்சாபென்னும் நானும்தான். வெட்டினது நான் என்று சொல்ல மூச்சு எடுத்தேன். வெளியே வந்தது வேறு.

"எடுத்தனான், பென். ஆனால் அந்தத் தாளில மை நல்லா மங்கிப்போய் இருந்தது. கழுவிப் பாக்கேக்கை ஒண்டும் விழேல்லை."

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை, கணக்குப் பிழைத்த பிள்ளை கொப்பியைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். பேருந்துச் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். புத்தகத்தை மூடினார். எழும்பினார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"அதுக்குப் பிறகு ஒரு மாசம் பாரோட் இஞ்சதானே இருந்தவர். அண்டைக்கே சொல்லியிருந்தா இன்னொருக்கா எடுத்திருக்கலாமே, பாய்."